பெயர்ப் பட்டியலும் ஓர் அமானிதம்

(புத்தூரில் இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும் நடந்த தொழில்நுட்ப வழிகாட்டி அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





மின்னஞ்சல் அனுப்பும் சேவை ஒன்றை, நாமே எழுதும் நிரலோடு தானியங்கி முறையில் இணைப்பது எப்படி? இதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. "இது பிள்ளைகள் சமாச்சாரம், எங்களுக்கு எதற்கு?" என்று பெரியவர்கள் சிலர் வாசலிலேயே கேட்டார்கள். கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். இணைப்பைச் செய்வது பிள்ளைகள் என்றாலும் அந்த இணைப்பில் ஓடுவது உங்கள் பெயரும் முகவரியும். அதனால் இது உங்கள் சமாச்சாரமும்தான்.

ஒரு சிறிய அறக்கட்டளையின் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அஸருக்குப் பிறகு வந்து இஷாவோடு கிளம்பும் ஓர் உதவியாளர். சந்தா கட்டுபவர்களின் பெயர் ஒரு நோட்டில் இருக்கும். கல்வி உதவி கேட்ட பிள்ளைகளின் பெயர் இன்னொரு நோட்டில் இருக்கும். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் மின்னஞ்சல் முகவரி செயலாளரின் செல்போனில் இருக்கும். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்ற தகவல், அந்த நாள் கழிந்த பிறகு ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விடும். எனவே இந்த வேலையை இயந்திரத்திடம் கொடுப்பது வசதிக்காக மட்டும் அல்ல. சில வீடுகளில் அது ஒரு பிள்ளையின் படிப்பு.

இதில் மூன்று பாகங்கள் உள்ளன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் பாகம், மின்னஞ்சல் சேவை. "ஜிமெயில் இருக்கிறதே, அதிலேயே எல்லோருக்கும் அனுப்பலாமே?" என்று கேட்பீர்கள். தனிநபர் ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. மொத்தமாக அனுப்பும் கடிதத்தைப் பெறுபவரின் ஜிமெயிலும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. 1978 மே மாதத்தில் கேரி துயெர்க் என்ற விற்பனை அதிகாரி, தம் நிறுவனத்தின் கம்ப்யூட்டரை விளம்பரப்படுத்தி, கேட்காத சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் மின்னஞ்சல் அனுப்பினார். இன்று குப்பையாக வந்து குவியும் விளம்பர அஞ்சல்களுக்கு அதுதான் முன்னோடி. அதனால் மொத்த அஞ்சலுக்கென்றே தனிச் சேவைகள் உருவாயின. மெயில்சிம்ப் 2001ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் தொடங்கியது. நம் தமிழ்நாட்டில் வளர்ந்த சோஹோ நிறுவனத்துக்கு 'சோஹோ கேம்பெயின்ஸ்' இருக்கிறது. 2010ல் சென்னையில் தொடங்கி 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் ஏறிய ஃபிரெஷ்வொர்க்ஸிடம் 'ஃபிரெஷ்மார்க்கெட்டர்' இருக்கிறது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரீஷ் மாத்ருபூதம் நம் திருச்சிக்காரர். தம்பிமார்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாகம், நம் நிரல். பிள்ளைகள் 'கோடு' என்று சொல்வார்கள். அஞ்சல் சேவைக்குக் கடிதம் அனுப்பத் தெரியும். ஆனால் நம் அலுவலக வழக்கம் அதற்குத் தெரியாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கடிதம், பாலிடெக்னிக் பிள்ளைக்கு வேறு கடிதம், தமிழில் வேண்டுபவருக்குத் தமிழில், சந்தா கட்டியவருக்கு நினைவூட்டல் வேண்டாம் என்பதையெல்லாம் நாம்தான் எழுதித் தர வேண்டும். பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ இருபது முப்பது வரி போதும்.

மூன்றாவது பாகம், இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடி வேலை பார்க்கும் இணைப்புக் கருவி. 'இது நடந்தால் அதைச் செய்' என்று வரிசையாகச் சொல்லி வைத்தால் அது செய்துகொண்டே இருக்கும். 2011ல் அமெரிக்காவில் தொடங்கிய சேப்பியர், 2019ல் ஜெர்மனியின் பெர்லினில் தொடங்கிய என்8என், சோஹோவின் 'சோஹோ ஃப்ளோ' ஆகியவை இந்த வகை. மூன்றிலுமே நடுவில் நம் சொந்த நிரலை வைக்க இடம் உண்டு. சோஹோவில் அதற்கு 'டெலூஜ்' என்ற அவர்களுடைய மொழியே இருக்கிறது. என்8என்னை நம் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே நிறுவி ஓட்டலாம்.

இவை ஒன்றோடொன்று பேசுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. நம் புத்தூர் அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருக்கும் சொந்தக்காரரை எண்ணிப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கதவருகே போய், "முடிந்துவிட்டதா சிஸ்டர்?" என்று கேட்பது ஒரு வழி. முடிந்ததும் சிஸ்டரே வெளியே வந்து பெயர் சொல்லி அழைப்பது இன்னொரு வழி. நாம் போய்க் கேட்பதற்கான கதவுக்கு 'ஏபிஐ' என்று பெயர். நடந்ததை அவர்களே வந்து சொல்வது 'வெப்ஹூக்'. ஜெஃப் லிண்ட்சே என்ற நிரலாளர் 2007ல் வைத்த பெயர் இது. இந்த இரண்டு சொற்களையும் மறந்துவிடாதீர்கள். நான் செய்த தவறு இவற்றுக்கு இடையில்தான் நடந்தது.

முதலில் சரியாக ஓடும் ஒரு வேலையைப் பார்ப்போம். கல்வி உதவி வேண்டும் என்று ஒரு மாணவி இணையப் படிவத்தை நிரப்புகிறார். 'சமர்ப்பி' என்று அழுத்தியதும் படிவம் வெப்ஹூக் வழியாக இணைப்புக் கருவியிடம் தகவலைக் கொடுக்கிறது. கருவி அதை நம் நிரலிடம் தள்ளுகிறது. நிரல் முகவரியில் தவறி விழுந்த இடைவெளிகளை நீக்கும். பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்தாக மாற்றும். அந்த மாணவி ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறாரா என்று பார்க்கும். 'எனக்கு மின்னஞ்சல் அனுப்பலாம்' என்ற கட்டத்தில் அவர் குறியிட்டிருக்கிறாரா என்று பார்க்கும். எல்லாம் சரி என்றால் ஏபிஐ வழியாக அஞ்சல் சேவையிடம், "இவரைப் பட்டியலில் சேர், பாலிடெக்னிக் என்று குறிச்சொல் போடு" என்று சொல்லும். அடுத்த நிமிடம் அந்த மாணவிக்கு, என்னென்ன சான்றிதழ் வேண்டும், கடைசி நாள் எது என்ற கடிதம் போய்விடும். உதவியாளர் அப்போது தொழுகையில்கூட இருக்கலாம்.

கேட்பதற்கு அருமையாக இருக்கிறது அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு அமைப்புக்கு இப்படி ஓர் இணைப்பைச் செய்து கொடுத்தேன். அமைப்பின் பெயர் வேண்டாம். தவறு அவர்களுடையதும் அல்ல, என்னுடையது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதிக்கு முந்திய இரவு என் நிரல் உறுப்பினர் பதிவேட்டைப் படிக்கும். எல்லோரையும் அஞ்சல் சேவையில் சேர்க்கும். காலையில் 'தங்கள் சந்தா நிலுவை' என்று கடிதம் போகும். வசூல் கூடியது. பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஒரு நாள் ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார்கள். குரலில் கோபமே இல்லை. "தம்பி, எங்க வீட்டுக்காரர் மவுத்தாகி அஞ்சு மாசமாச்சு. மாசா மாசம் அவர் பேருக்கு லெட்டர் வருது. மொத லெட்டர் நான் இத்தாவுல இருக்கும்போதே வந்துச்சு. மக அதுல நிறுத்துங்கன்னு இருக்கிறதை அழுத்துனா. திரும்ப வந்துச்சு. மறுபடி அழுத்துனா. திரும்பவும் வந்துச்சு. அவர் எதுவும் பாக்கி வச்சுட்டுப் போயிட்டாரா தம்பி? சொன்னா நாங்க கட்டிடுறோம்."

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. இறந்தவரின் கடன் நம் வீடுகளில் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். ஐந்து மாதமாக அந்த அம்மா, கணவர் கடனோடு போய்விட்டாரோ என்று பயந்துகொண்டிருந்தார்கள். கடனே கிடையாது. என் நிரலுக்கு அவர் இறந்தது தெரியாது, அவ்வளவுதான்.

நடந்தது என்ன? மகள் 'நிறுத்து' என்பதை அழுத்தியபோது அஞ்சல் சேவை சரியாகவே அவர் பெயரை நீக்கியது. ஆனால் அந்தச் செய்தி திரும்பி நம் பதிவேட்டுக்கு வரவில்லை. வரும் வழியை நான் போடவே இல்லை. மாத முடிவில் என் நிரல் பதிவேட்டைப் படித்தது, அவர் பெயரைப் பார்த்தது, 'சேர்' என்று மறுபடியும் சொன்னது. அவர்கள் பகலில் அடைத்த கதவை என் நிரல் இரவில் திறந்துகொண்டே இருந்தது.

தம்பி தங்கைகளே, இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். போகும் வழியைப் போடுவது எளிது. இணையத்தில் உள்ள பாடங்கள் எல்லாம் அதைத்தான் சொல்லித் தருகின்றன. திரும்பி வரும் வழியையும் போட்டால்தான் இணைப்பு முழுமை. 'வேண்டாம்' என்று ஒருவர் சொன்னது, 'என் முகவரி மாறிவிட்டது' என்று சொன்னது, முகவரியே இல்லாமல் கடிதம் திரும்பி வந்தது, ஒருவர் இறந்தது ஆகிய எல்லாமே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர வேண்டும்.

இதைச் செய்வது கடினம் அல்ல. அஞ்சல் சேவைகள் தாமே வந்து சொல்லத் தயாராகத்தான் இருக்கின்றன. உதாரணமாக மெயில்சிம்ப்பில் ஒருவர் விலகினாலும், முகவரியை மாற்றினாலும், கடிதம் போய்ச் சேராமல் முகவரி நீக்கப்பட்டாலும் வெப்ஹூக் வழியாக நமக்குச் செய்தி வரும்படி வைக்கலாம். அந்தச் செய்தியை வாங்கி, பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'அனுப்ப வேண்டாம்' என்று தேதியோடு எழுதும் ஒரு சிறிய நிரல் போதும்.

இன்னொரு காவலும் உண்டு. மெயில்சிம்ப்பின் ஏபிஐயில் ஒருவரைச் சேர்க்கவோ திருத்தவோ சொல்லும்போது 'ஸ்டேட்டஸ்', 'ஸ்டேட்டஸ் இஃப் நியூ' என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. முதல் கட்டத்தில் 'சந்தாதாரர்' என்று எழுதினால், முன்பு விலகியவரையும் அது திரும்ப உள்ளே இழுக்கக்கூடும். இரண்டாவது கட்டத்தில் மட்டும் எழுதினால் புதிதாக வருபவருக்கு மட்டுமே அது பொருந்தும். விலகியவர் விலகியவராகவே இருப்பார். ஒரு சொல்தான் வித்தியாசம். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பவர் பயன்படுத்துகிறவர் மனதை நினைத்தாரா என்பதே கேள்வி.

இதோடு சேர்த்து நான்கு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, ஒரே செய்தி இரண்டு முறை வரும். வெப்ஹூக் அனுப்பியவருக்கு நம்மிடமிருந்து பதில் உடனே போகாவிட்டால், செய்தி கிடைக்கவில்லை என்று எண்ணி அவர் மறுபடியும் அனுப்பக்கூடும். நன்கொடைக்கு இரண்டு ரசீது போனால் கணக்கும் குழம்பும், நம்பிக்கையும் குறையும். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் உள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். பார்த்த எண் மறுபடி வந்தால் ஒன்றும் செய்யாமல் நன்றி மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு, ஏபிஐயைத் திறக்கும் சாவி ஒரு நீண்ட எழுத்துக் கோவை. அது பைத்துல்மால் பெட்டியின் சாவி மாதிரி. நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பதும் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடாது. பொறுப்பில் இருந்தவர் விலகினால் அன்றே சாவியை மாற்றுங்கள்.

மூன்று, முதல் ஓட்டம் எப்போதும் உங்கள் சொந்த முகவரிகளுக்கே இருக்கட்டும். ஐந்து முகவரிகளை வைத்து, சேர்ந்து, விலகி, மறுபடி இரவு நிரலை ஓட்டிப் பாருங்கள். விலகிய முகவரிக்குக் கடிதம் வருகிறதா? இந்தச் சோதனையைச் செய்ய எனக்கு அன்று பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் செய்யவில்லை.

நான்கு, எல்லாத் தகவலையும் அஞ்சல் சேவைக்குக் கொடுக்காதீர்கள். ஜகாத் பெறுபவர் யார், எந்த வீட்டில் என்ன நோய், எவ்வளவு கடன் என்பதெல்லாம் அலுவலகத்தின் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டியவை. கடிதம் போகப் பெயரும் முகவரியும் ஒரு குறிச்சொல்லும் போதும். அந்தக் குறிச்சொல்லும் 'ஏழை', 'விதவை' என்று இருக்கக் கூடாது. 'பிரிவு 2' என்று போட்டால் இயந்திரத்துக்குப் புரியும். வேறு யாராவது பார்த்தாலும் ஒரு குடும்பத்தின் மானம் போகாது. உதவி வாங்கியவரின் பெயரை மறைப்பது நம் முன்னோர் பழக்கம். இயந்திரம் வந்ததால் அது மாற வேண்டியதில்லை.

சட்டமும் இப்போது இதே திசையில்தான் வருகிறது. தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. இதில் நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. உங்கள் தகவலை எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெற உங்களுக்கு வழி உண்டு. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்தபோது எவ்வளவு எளிதாக இருந்ததோ அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். 18 வயது நிறையாத பிள்ளையின் தகவலுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். தகவலைக் காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று சட்டம் சொல்கிறது.

ஜிமெயிலும் 2024 பிப்ரவரி முதல் கெடுபிடியாகிவிட்டது. ஒரு நாளைக்கு 5,000 அஞ்சலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்கள், தங்கள் விளம்பர, செய்தி அஞ்சல்களில் ஒரே அழுத்தலில் விலகும் வசதியைத் தர வேண்டும், விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். நம் அறக்கட்டளைகள் அந்த அளவுக்கு அனுப்புவதில்லை. ஆனாலும் 'இது குப்பை' என்று பத்துப் பேர் புகார் குறி போட்டுவிட்டால், பதினோராவது வீட்டுக்குப் போக வேண்டிய கல்வி உதவிக் கடிதமும் குப்பைப் பெட்டியில் விழக்கூடும். விலக நினைப்பவரை விலக விடுவது, இருக்க நினைப்பவருக்கும் நன்மை.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த வேலையைக் கற்கப் பெரிய செலவு இல்லை. மேலே சொன்ன கருவிகளில் பலவற்றைப் பணம் கட்டாமலே தொட்டுப் பார்க்கலாம். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்குக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தரும் பள்ளியை சோஹோ 2005 முதல் நடத்துகிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அவர்களுக்கு அலுவலகம் உண்டு. பெரிய நகரத்தில் இருந்தால்தான் இந்தத் தொழில் என்ற காலம் போய்விட்டது. முதல் வேலையாக உங்கள் தெருவில் உள்ள ஒரு மதரஸாவுக்கோ நூலகத்துக்கோ சிறிய பட்டியல் ஒன்றைச் சரிசெய்து கொடுங்கள். போகும் வழியைப் போட்ட அன்றே திரும்பும் வழியையும் போடுங்கள். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நான் விட்ட அந்தப் பிறகு, ஐந்து மாதம் கழித்துத் தொலைபேசியில் வந்தது.

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. எந்த அமைப்பு உங்கள் முகவரியைக் கேட்டாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். "எதற்கு வாங்குகிறீர்கள்? நான் வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துவது?" இதில் கூச்சம் வேண்டாம். பதில் சொல்லத் தெரியாதவரிடம் முகவரி கொடுக்காதீர்கள். வீட்டில் மவுத்து ஏற்பட்டால், இன்ஷா அல்லாஹ் நிதானம் வந்த பிறகு, அவர் உறுப்பினராக இருந்த அமைப்புகளுக்கு ஒரு வரி தெரிவிக்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அப்படித் தெரிவிக்க மறந்தாலும் அது உங்கள் குற்றம் அல்ல. ஜனாஸாவுக்கு ஜமாஅத்தில் அறிவிப்புச் செய்கிறோம். அந்தப் பெயரைப் பட்டியலிலும் குறிக்க வேண்டியது அமைப்பின் பொறுப்பு.

அந்த அம்மாவின் வீட்டுக்கு மறுநாளே நேரில் போனேன். பதிவேட்டை எடுத்துப் போய், பாக்கி எதுவும் இல்லை என்று காட்டினேன். கடைசிப் பக்கத்தில் அவர் கணவரின் கையெழுத்து இருந்தது. இறப்பதற்கு முந்திய மாதச் சந்தாவும் கட்டியிருந்தார். அந்த அம்மா கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "டீ சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி" என்றார்கள்.

அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். பணத்தையும் நகையையும்தான் அமானிதம் என்று நினைத்திருந்தேன். ஒருவர் நம்பிக் கொடுத்த பெயரும் முகவரியும் அப்படித்தான் என்பதை அந்த வீட்டுத் திண்ணையில் கற்றுக்கொண்டேன்.